திருடு போன நாய்க்கு ஏட்டில் இடம் எங்கே?

(நமது நிருபர்)

நாய் திருடனிடம் கத்தி கிடையாது. கடப்பாரை கிடையாது. சட்டைப் பையில் ஒரு பாக்கெட் பொறை பிஸ்கட். அவ்வளவுதான் அவன் முதலீடு!

இது நான் கட்டின கதை இல்லை. சட்டப் புத்தகத்திலேயே இருக்கிற சங்கதி. 1860-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 378-வது பிரிவு திருட்டு என்றால் என்ன என்று சொல்லும். படிக்கிறவனுக்குப் புரிய வேண்டுமே என்று உதாரணங்களும் கொடுத்திருந்தார்கள். முதல் உதாரணம் மரம் வெட்டுகிறவன். இரண்டாவது உதாரணமே நாய்தான். ஒருத்தன் பையில் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவன் நாயைப் பின்னாலேயே வரவழைக்கிறான். அவன் மனசில் திருட்டு எண்ணம் இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்த அந்த நிமிஷமே திருட்டு முடிந்து போச்சு! நாயைத் தூக்க வேண்டாம், கட்ட வேண்டாம், வண்டியில் ஏற்ற வேண்டாம்.

2024 ஜூலை 1-ந்தேதி அந்தப் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் திருட்டுக்கு 303-வது பிரிவு. நம்பர்தான் மாறியது. நாயும் தீனிப் பையும் அங்கேயும் அப்படியே இருக்கிறது.

ஆக, நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கிற குற்றம் இது. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் போன வருஷம் எத்தனை நாய் திருடு போனது என்று கேட்டுப் பாருங்கள். பொதுஜனம் பார்க்கிற மாதிரி எந்த ஏட்டிலும் அந்தக் கணக்கு கிடையாது!

"என்னா நாயி?"

கடற்கரை ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம். வேறு ஒரு விபத்துச் செய்திக்காக நான் போய்க் காத்திருந்த நேரம். குப்பத்து அம்மா ஒருத்தர் வந்தார். கூடையைக் கீழே வைக்கவில்லை, இடுப்பிலேயே இருந்தது.

"சார், எங்க நாயிய எவனோ புடிச்சிக்கினு பூட்டான் சார்."

"என்னா நாயி?"

"நாட்டு நாயிதான் சார். செவலை."

"எவ்ளோ குடுத்து வாங்கின?"

"வாங்கலை சார். குட்டியா வந்துச்சி, சோறு போட்டு வளத்தேன்."

ஏட்டையா சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. "எங்கயாச்சும் தெருவுல சுத்திக்கினு இருக்கும், நல்லா தேடிப் பாரும்மா" என்று அனுப்பி விட்டார். மனு வாங்கவில்லை. ரசீது கொடுக்கவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்பார்!

பட்டணத்து ஆட்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். தேவனேரி, கொக்கிலமேடு, பட்டிப்புலம் பக்கம் போய்ப் பாருங்கள். ஆம்பளைகள் விடியற்காலம் கடலுக்குப் போய்விட்டால் கரையில் வலைக்குக் காவல் யார்? காயப்போட்ட கருவாட்டுக்குக் காவல் யார்? ராத்திரி தனியாகப் படுத்திருக்கும் கிழவிக்குத் துணை யார்? செவலையும் கருப்பனும்தான். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுப் பட்டிக்கும் அதே காவல்தான். ஒரு தெருவில் களவாட நினைக்கிற ஆசாமிக்கு முதல் இடைஞ்சல் நாய். அதை அப்புறப்படுத்தினவன் அடுத்து எதை எடுப்பான் என்று யோசிக்க வேண்டியது போலீசின் வேலை இல்லையா?

இந்தக் கரையோரம் இன்னொரு ஜாதி நாயும் உண்டு. பண்ணை வீடு, ரிசார்ட்டு, கடல் பார்த்த பங்களா. அங்கே இருப்பது லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, சைபீரியன் ஹஸ்கி. பனிப்பிரதேச நாய்க்கு மாமல்லபுரம் வெயிலில் ஏசி வேறே! அது காணாமல் போனால் கதையே வேறு. வாட்ஸ்அப்பில் போட்டோ பறக்கும். சன்மானம் அறிவிப்பார்கள். காரில் வக்கீலோடு வந்து இறங்குவார்கள். மனு உடனே வாங்கப்படும்.

நாய் இரண்டுக்கும் நாலு கால்தான். ஏட்டில் ஏறுவது ஒன்று. ஏறாதது ஒன்று.

விலை ஐயாயிரம்!

இதில் போலீஸ்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புதுச் சட்டமே ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.

பழைய சட்டத்தில் திருட்டு என்றால் திருட்டு. பொருளின் மதிப்பு பத்து ரூபாயோ பத்து லட்சமோ, கோர்ட்டு உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸ் வழக்குப் போட்டு விசாரிக்கலாம். புதுச் சட்டத்தில் ஒரு கோடு கிழித்து விட்டார்கள். திருடு போன பொருளின் மதிப்பு ரூ.5 ஆயிரத்துக்குக் கீழே இருந்து, திருடன் முதல் தடவையாக மாட்டி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்து விட்டால் ஜெயில் கிடையாது. சமூக சேவைதான் தண்டனை. அது கூடப் பரவாயில்லை. பசிக்குத் திருடினவனை ஜெயிலில் போடாமல் ரோடு கூட்டச் சொல்வது நல்ல யோசனைதான்.

விஷயம் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கிரிமினல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால், ரூ.5 ஆயிரத்துக்குக் குறைந்த திருட்டு மாஜிஸ்திரேட்டு உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம் ஆகிவிட்டது. புகார் வந்தால் இன்ஸ்பெக்டர் ஒரு புத்தகத்தில் சுருக்கமாக எழுதிக்கொள்ள வேண்டும். "போய் மாஜிஸ்திரேட்டைப் பார்" என்று அனுப்ப வேண்டும். 174-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

செவலைக்கு என்ன விலை போடுவீர்கள்? காசு கொடுத்து வாங்காத நாய். மார்க்கெட்டில் கேட்பாரில்லை. ஐயாயிரம் தேறுமா? தேறாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றால் தேறும். வெளிநாட்டு நாய் என்றால் பல மடங்கு தேறும். ஆக, குப்பத்து அம்மா மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூடை வியாபாரம் போச்சு. வக்கீல் செலவு வேறே.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாயைக் கொன்றால் சட்டம் விலை கேட்பதில்லை! பழைய சட்டத்தில் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று மிருகத்துக்கு மதிப்புக் கணக்கு இருந்தது. புதுச் சட்டத்தின் 325-வது பிரிவில் அதை எடுத்து விட்டார்கள். எந்த மிருகத்தையும் விஷம் வைத்தோ வெட்டியோ கொன்றால், ஊனமாக்கினால், 5 வருஷம் வரை ஜெயில். சரியான திருத்தம். கொன்றவனிடம் விலை பார்க்காத சட்டம், திருடினவனுக்கு மட்டும் ஏன் விலைப் பட்டியலைத் தூக்குகிறது? ஒரே புத்தகத்தில் இரண்டு நியாயமா?

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். வீட்டுக்குள் புகுந்து திருடினால் அது 305-வது பிரிவு. 7 வருஷம் வரை தண்டனை. அதில் ஐயாயிரம் கணக்கெல்லாம் கிடையாது. நாயை வீட்டுக்குள்ளிருந்து அடித்துப் போனான் என்றால் அதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். "நாயைக் காணோம்" என்று மொட்டையாக எழுதினால் அது காணாமல் போன பொருளோடு போய்ச் சேரும்.

மூன்று ஏடுகள்

ஸ்டேஷன் சமாசாரம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம்.

முதல் தகவல் அறிக்கை என்கிற எப்.ஐ.ஆர். ஒன்று. மனு வாங்கினதற்கு அடையாளமாகத் தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று. மேலே சொன்ன, மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புகிற புகாருக்கான புத்தகம் ஒன்று.

இதில் பொதுஜனம் பார்க்க முடிவது முதலாவதைத்தான். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. இளம் வக்கீல்கள் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட்டில் போட்ட வழக்கில் 2016 செப்டம்பர் 7-ந்தேதி தீர்ப்பு வந்தது. எப்.ஐ.ஆர். போட்ட 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், இணைய வசதி இல்லாத இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம், 2016 நவம்பர் 15-ந்தேதி முதல் அமல் என்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் சி.நாகப்பனும் உத்தரவு போட்டார்கள். பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரி வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. நாய்த் திருட்டு அந்த விலக்கில் வராது என்று சொல்லவும் வேண்டுமா!

அதற்கு முன்னே 2013 நவம்பர் 12-ந்தேதி லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் இன்னொன்று சொல்லியிருக்கிறது. போலீசே விசாரிக்கக் கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். போடலாம் இல்லை, போட்டே ஆக வேண்டும்!

இரண்டு தீர்ப்பும் தங்கம். ஆனால் எப்.ஐ.ஆர். என்ற ஒன்று பிறந்தால்தான் இந்தத் தங்கத்துக்கு வேலை. சி.எஸ்.ஆரோடு நின்ற புகார் அந்தப் பட்டியலில் ஏறாது. மாஜிஸ்திரேட்டு புத்தகத்தில் எழுதின புகாரும் ஏறாது. வாய்ப் பேச்சிலேயே திருப்பி அனுப்பின புகார் எந்த ஏட்டிலும் இல்லை. மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், நம்பர் தெரிந்தால் எப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். "நாய்" என்று போட்டுத் தேட வழி இல்லை.

டெல்லியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் தடிமனாக ஒரு புத்தகம் போடுகிறது. திருடு போன பொருள் வகைகளில் மோட்டார் வண்டிக்கு ஒரு கட்டம், சைக்கிளுக்கு ஒரு கட்டம், மாடு கன்றுக்கு ஒரு கட்டம், கோவில் சிலை மாதிரி கலைப்பொருளுக்குக் கூட ஒரு கட்டம். நாய்? "இதர" என்ற குப்பைக் கூடையில்!

பத்து ரூபாய் ஸ்டாம்பு

கணக்கு இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. தமிழ்நாடு அதற்கும் முன்னாலேயே, 1997-லேயே, சொந்தமாக ஒரு தகவல் சட்டம் போட்ட மாநிலம். வெள்ளைத் தாளில் மனு, பத்து ரூபாய்க்கு கோர்ட்டு கட்டண ஸ்டாம்பு, 30 நாளில் பதில். மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர் என்று ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆனால் இங்கேயும் கண்ணி இருக்கிறது. 2011-ல் சி.பி.எஸ்.இ. பரீட்சைப் பேப்பர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, கையில் இருக்கிற தகவலைக் கொடுத்தால் போதும், இல்லாத கணக்கைப் புதிதாகத் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று சொல்லி விட்டது. "நாய் என்று தனிக் கணக்கு நாங்கள் வைப்பதில்லை" என்று ஒரு வரி எழுதி மனுவை முடித்து விடலாம். ஆக, கணக்கு வைக்காத வரைக்கும் கேள்வியே கிடையாது. பலே!

இதற்கு மாற்று வழி உண்டு. "கணக்குக் கொடு" என்று கேட்காதீர்கள். "ஏட்டைக் காட்டு" என்று கேளுங்கள். அரசு ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. "விசாரணை நடக்கிறது, தர முடியாது" என்று பதில் வந்தால், 2007 டிசம்பரில் பகத் சிங் என்பவர் வழக்கில் டெல்லி ஐகோர்ட்டு சொன்னதை எடுத்துக் காட்டலாம். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது, தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று அதிகாரி காட்ட வேண்டும் என்றது கோர்ட்டு. ஆளுடைய பெயர், விலாசம் கேட்க வேண்டாம். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2025 நவம்பரில் அமலான பிறகு தனி ஆள் விவரம் கிடைப்பது ரொம்ப இறுகி விட்டது. நமக்கு யார் நாய் என்பது வேண்டாம். எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நாய், வழக்கு ஆனதா. இந்த நாலு போதும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நாயைப் பறிகொடுத்தவன் ஏன் இத்தனை அலைய வேண்டும்? கேட்காமலே வெளியிட வேண்டிய விஷயங்கள் என்று தகவல் சட்டத்தின் 4-வது பிரிவு இருக்கிறதே, அது எதற்கு?

ரோட்டைத் தாண்டினால் வேறு ராஜ்ஜியம்

கணக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நம் ஊர் பூகோளமே பதில்.

2019 நவம்பரில் காஞ்சீபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரி 1-ந்தேதி தாம்பரம் போலீஸ் கமிஷனரகம் வந்தது. கேளம்பாக்கம் பக்கம் கமிஷனர் ராஜ்ஜியம். மாமல்லபுரம் வந்தால் போலீஸ் சூப்பிரண்டு ராஜ்ஜியம். கலெக்டர் ஒருத்தர், போலீஸ் இரண்டு! மாமல்லபுரத்தில் ஆட்டோவில் ஏற்றின நாய் முக்கால் மணி நேரத்தில் அடுத்த ராஜ்ஜியத்துக்குப் போய்விடும். இந்தப் பக்கம் மூன்று குப்பத்தில் மூன்று நாய், அந்தப் பக்கம் பண்ணை வீட்டில் இரண்டு நாய் என்று போனால், ஐந்தும் ஒரே கும்பல் கைவரிசையா என்று யார் சேர்த்துப் பார்ப்பது? ஏட்டில் இருந்தால்தானே சேர்ப்பதற்கு!

எந்த ஸ்டேஷன் எல்லை என்று பாராமல் எங்கேயும் புகார் கொடுக்கலாம் என்று புதுச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. அது போலீசே விசாரிக்கிற குற்றத்துக்கு மட்டும். மறுபடியும் அந்த ஐயாயிரம் வந்து வழியில் நிற்கிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணாமல் போகிற நாய் எல்லாம் திருட்டு இல்லை. கருத்தடைக்குப் பிடிக்கிற வண்டியில் போயிருக்கலாம். 2023-ம் வருஷத்து விதிப்படி பிடித்த இடத்தை எழுதி வைத்து, ஆபரேஷன் முடிந்ததும் அதே இடத்தில் கொண்டு வந்து விட வேண்டும். அந்த ஏடும் திறந்திருந்தால் பாதிப் புகார் ஸ்டேஷனுக்கே வராது. ஏட்டையாவுக்கும் வேலை மிச்சம். சனி, ஞாயிறு என்றால் மாமல்லபுரத்தில் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதே போலீசுக்குப் பெரும்பாடு. நாயைத் தேடு என்று தனிப்படை யாரும் கேட்கவில்லை. எழுதி வை என்றுதான் கேட்கிறோம்.

லண்டனில் என்ன செய்தார்கள்?

பழைய காலத்து இங்கிலாந்து வழக்கச் சட்டப்படி நாய் என்பது திருடக் கூடிய சொத்தே இல்லை. அதனால் லண்டனில் நாய்க் கடத்தல் கும்பல்கள் கொழுத்தன. நாயைத் தூக்குவது, காசு வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பது. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஃப்ளஷ் என்கிற நாயை மூன்று தடவை கடத்தினார்கள்! 1844-ல் பார்லிமென்ட் கமிட்டி போட்டு விசாரித்தார்கள். 1845-ல் தனிச் சட்டம் வந்தது.

கொரோனா காலத்தில் நாய்க் குட்டி விலை ஏறியதும் அங்கே திருட்டும் பேச்சாகியது. 2021-ல் அரசு ஒரு குழு போட்டது. 2020-ல் போலீசுக்கு வந்த நாய்த் திருட்டுப் புகார் சுமார் 2 ஆயிரம் என்று அறிக்கை சொன்னது. போலீஸ் இதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதில் ஒரு யோசனை. 2024-ல் சட்டமே வந்து விட்டது. நாயையோ பூனையையோ கடத்தினால் 5 வருஷம் வரை ஜெயில். விலைப் பேச்சே இல்லை.

அமெரிக்காவில் 1965-ல் பெப்பர் என்ற டால்மேஷியன் நாய் காணாமல் போய், கை மாறிக் கை மாறி, நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனை ஆபரேஷனில் செத்தது. ஜனங்கள் கொதித்தார்கள். 1966-ல் வந்த சட்டம் நாய் வியாபாரிக்கு லைசென்சு கேட்டது, ஏடு வைக்கச் சொன்னது. 2021-ல் பாடகி லேடி காகாவின் இரண்டு நாய்களைப் பறிக்க அவற்றை நடத்திப் போனவரையே சுட்டார்கள். சுட்டவனுக்கு 21 வருஷம்.

நம் நாட்டில் 2019 அக்டோபரில் புனேயில் ஒரு பீகிள் நாய் மாயமானது. சாப்பாடு கொண்டு வரும் டெலிவரி ஆள்தான் கொண்டு போனான் என்று கண்டுபிடித்தது யார்? நாய்க்குச் சொந்தக்காரர்களே! அக்கம்பக்கத்தில் போட்டோவைக் காட்டி விசாரித்து, இணையத்தில் போட்டு, நாடு முழுக்கச் செய்தி ஆக்கினார்கள். படித்தவர்கள், கையில் போன் இருந்தது, ஆங்கிலம் தெரிந்தது. செவலைக்கு அதெல்லாம் கிடையாது.

என்ன செய்யலாம்?

செங்கல்பட்டு சூப்பிரண்டும் தாம்பரம் கமிஷனரும் நினைத்தால் சட்டம் திருத்தக் காத்திருக்க வேண்டாம். நாயைக் காணோம் என்று வரும் ஒவ்வொரு மனுவுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது. மாதம் ஒரு தடவை ஸ்டேஷன் வாரியாகக் கணக்கு, பெயர் விலாசம் இல்லாமல், நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். இரண்டு போலீசும் அந்தத் தாளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவு என்ன? பேனா மை!

சட்டத்தைத் திருத்த வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். உயிருள்ள பிராணியைத் திருடினால் ஐயாயிரம் கணக்கு பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கோழி, ஆடு வைத்திருக்கிற ஏழைக்கும் அது உதவும். நம் தொகுதி எம்.பி.க்கள் காதில் விழட்டும்.

அதுவரை, நாயைப் பறிகொடுத்தவர்கள் வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுங்கள். எந்த இடத்தில் இருந்து போனது, எத்தனை மணி, யார் மேல் சந்தேகம், நாய் உடம்பில் என்ன மச்சம் என்று எழுதுங்கள். போட்டோவின் பின்னால் தேதி போடுங்கள். வாங்க மறுத்தால் சூப்பிரண்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனுவில் "நாயின் மதிப்பு" என்று ஒரு வரி வரும். "சும்மா கிடைத்தது" என்று எழுதி விடாதீர்கள். வெறிநாய்க்கடி ஊசி போட்ட சீட்டு, கால்நடை ஆஸ்பத்திரி சீட்டு, வளர்த்த வருஷம், தீனிச் செலவு எல்லாவற்றையும் கூட்டி எழுதி, சீட்டுகளை நகல் எடுத்து இணையுங்கள்.